ஓட்டுறவன் கையில என்ன இருக்கு?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பூரிலிருந்து மச்சான் அழைத்தார். அக்கா பையனுக்கு பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண், கேட்ட கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. பதினெட்டு முடிந்து மூன்று மாதம். லைசென்ஸ் கைக்கு வந்து ஒன்பது நாள். கேடிஎம் 390 ட்யூக் வேண்டும் என்கிறான்.

"பத்தாவது படிக்கிறப்பவே வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டேன் மாப்ள. உங்கக்காதான் மொணமொணன்னு இருக்கா. நீ இன்ஜினியர், நல்ல வண்டின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீன்னா அவ சரின்னுருவா."

நான் படித்தது கணிப்பொறி. இன்றுவரை ஒரு கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பார்த்ததில்லை. ஆனால் நம் குடும்பங்களில் இன்ஜினியர் என்றால் மிக்ஸி ரிப்பேரிலிருந்து மனைப்பத்திரம் வரை கருத்து சொல்ல வேண்டும். சொன்னேன். நல்ல வண்டியான்னு கேட்டா நல்ல வண்டிதான் மச்சான், ஆனா அவனுக்கு இப்ப வேண்டாம்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அந்த வாக்கியம் வந்தது. "வண்டியில என்ன மாப்ள இருக்கு? எல்லாம் ஓட்டுறவன் கையிலதான் இருக்கு."

இருபது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஷோரூம் விற்பனையாளர் சொல்கிறார், யூட்யூபில் ஹெல்மெட் கேமராவோடு பேசுகிறவர் சொல்கிறார், விபத்து நடந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவர்கூட வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறார். கேட்க ஞானம்போல இருக்கும். அதைவிடப் பொறுப்பற்ற ஒரு வாக்கியம் நம் வண்டிப் பேச்சில் இல்லை என்பது என் கட்சி.

2024 மே 19 அதிகாலை, புனேயின் கல்யாணி நகரில், பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஓட்டிவந்த போர்ஷே டைக்கான் ஒரு பைக்கின் மீது மோதியது. பைக்கில் இருந்த இருவரும் இறந்தார்கள். இருவருக்கும் 24 வயது, இருவரும் மென்பொருள் பொறியாளர்கள், என் இனம். சில மணிநேரத்தில் அந்தப் பையனுக்குச் சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது. விதித்த நிபந்தனைகளில் ஒன்று, விபத்துகளைப் பற்றி 300 சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது. நாடே கொதித்தது. நானும்தான் கொதித்தேன். மது ஊற்றிக் கொடுத்தவர்கள், ரத்த மாதிரியை மாற்றியதாகக் கைதான மருத்துவர்கள், அப்பாவின் பணம், 1,758 ரூபாய் கட்டணம் கட்டாததால் நிரந்தரப் பதிவெண்கூட இல்லாமல் ஓடிய கோடிக்கணக்கான ரூபாய் கார் என்று எல்லாவற்றையும் பேசினோம். ஒன்றைத்தான் பேசவில்லை. அந்தப் பையனின் வயது 17 வருடம் 8 மாதம். இன்னும் நான்கு மாதம் பொறுத்திருந்து, லைசென்ஸ் எடுத்து, ஒரு துளி மதுவும் குடிக்காமல் அதே காரை அவன் எடுத்து வந்திருந்தால் நம் சட்டத்தில் ஒரு எழுத்துகூட அவனைத் தடுக்காது. அந்தக் காரின் மிகச் சாதாரண வகையே ஆறு நொடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். எடை இரண்டு டன்னுக்கு மேல். இதே மகாராஷ்டிராவில் பீர் வாங்க 21 வயது ஆக வேண்டும், விஸ்கி வாங்க 25.

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், மைனர் வண்டி ஓட்டி விபத்து செய்தால் பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து, பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் இல்லை என்கிறது. கடுமைதான். ஆனால் பதினெட்டாவது பிறந்தநாளன்று கேக் வெட்டி முடித்தவுடன் இவ்வளவு கடுமையும் ஆவியாகிவிடுகிறது. கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று ஒரே ஒரு வகுப்பு. எங்கள் தெருவில் ஸ்ப்ளெண்டரில் பால் ஊற்றுகிறவருக்கும் 1,340 சிசி ஹயபுசா வைத்திருப்பவருக்கும் ஒரே உரிமம். காரிலும் அப்படியே. 7,500 கிலோவுக்குள் இருந்தால் எல்லாம் இலகுரக வாகனம். மாருதியும் போர்ஷேயும் அதில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

சட்டத்துக்குப் படிப்படியாக ஏற்றும் யோசனையே தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். லாரி ஓட்டப்போகிறவனுக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும், அதற்கு முன் ஒரு வருடமாவது இலகுரக வாகன உரிமம் வைத்திருக்க வேண்டும் என்கிறது அதே 1988ஆம் வருடச் சட்டம். வயிற்றுப் பிழைப்புக்கு ஸ்டியரிங் பிடிக்கிறவன் படி ஏறித்தான் வர வேண்டும். அப்பா காசில் ஆசைக்குப் பிடிக்கிறவனுக்கு லிஃப்ட்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இஞ்சின் அளவைக் கணக்கில் எடுக்கும் ஓரிடம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. 50 சிசிக்கு மிகாத வண்டியை 16 வயதில் ஓட்டலாம். லூனாவும் டிவிஎஸ் 50யும் ஓடிய காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. இன்று டிவிஎஸ் எக்ஸ்எல்லே நூறு சிசி. குடியிருக்க ஆளில்லாத வீடு மாதிரி அந்த விதி மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. சின்னவனுக்குச் சின்ன வண்டி என்று நினைத்த யாரோ ஒருவர் அதை எழுதியிருக்கிறார். அதற்குமேல் அந்த யோசனையை யாரும் வளர்க்கவில்லை.

மச்சானின் அடுத்த அஸ்திரம் நான் எதிர்பார்த்ததே. "நாங்கெல்லாம் ஆர்எக்ஸ் 100 ஓட்டலையா?"

ஓட்டினார். இன்றைக்கும் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார். ஆனால் அந்த ஆர்எக்ஸ் 100இன் திறன் 11 குதிரை. இப்போதைய 390 ட்யூக் 46 குதிரை, எடை 168 கிலோ. ஒரு காலத்தில் அப்பா, அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் பழனிக்கு ஏற்றிப்போன மாருதி 800இன் திறன் 37 குதிரை, எடை 650 கிலோ. அதாவது ஒரு குடும்பத்தையே மலையடிவாரம் சேர்த்த இஞ்சினைவிடப் பெரிய பலத்தை அந்தக் காரின் கால்வாசி எடையில் வைத்து, ஒன்பது நாள் லைசென்ஸ்காரனிடம் சாவி கொடுக்கிறோம். 'நாங்கெல்லாம்' என்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. அந்த வண்டியில் போய்ச் சேர்ந்தவர்கள் யாரும் 'நாங்கெல்லாம்' என்று பேச வருவதில்லை. மச்சானின் செட்டிலேயே ஒருவர் அப்படிப் போனவர். பேரைச் சொல்லி ஞாபகப்படுத்தினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

சரி, பலம் அதிகம், அதனால் என்ன, ஆக்சிலேட்டரை முறுக்காமல் இருந்தால் போயிற்று என்பார்கள். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு சுமார் 17 மீட்டர். குறுக்கே ஏதோ வருகிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். உலர்ந்த தார்ரோட்டில் சுமாராகப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னொரு 24 மீட்டர். மொத்தம் 49. இப்போது அதே ஆள், அதே ரோடு, வேகம் மட்டும் 90. முதல் வண்டி முழுசாக நின்றுவிட்ட அந்த 49ஆவது மீட்டரில் இரண்டாவது வண்டி இன்னும் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அப்போதுதான் பிரேக்கே வேலையை ஆரம்பித்திருக்கும்.

60க்கும் 90க்கும் நடுவில் இருப்பது என்ன என்பதில்தான் இஞ்சினின் பலம் வருகிறது. எட்டுக் குதிரை ஸ்ப்ளெண்டரில் 90ஐத் தொட வேண்டுமானால் நேர்ரோடு வேண்டும், எதிர்காற்று இருக்கக் கூடாது, பொறுமை வேண்டும். 70 தாண்டியதும் ஹேண்டில்பார் நடுங்கும், கால்மிதி கூசும். வண்டியே 'போதும்டா சாமி' என்று சொல்லும். அந்தச் சில நொடிகளில் பையனுக்கு மனசு மாறலாம், முன்னால் பஸ் நிற்பது தெரியலாம். பலமான வண்டி அந்த நொடிகளைத் தருவதில்லை. மூன்று நொடியில் வேறொரு வேகத்தில் இருப்பான், அதுவும் நடுக்கமே இல்லாமல். கை முறுக்கியது ஒரு அங்குலம்கூட இருக்காது. அனுபவம் உள்ளவனுக்கு அந்த ஒரு அங்குலம் என்ன செய்யும் என்று உடம்புக்கே தெரியும். அனுபவம் இல்லாதவன் என்றால் அது உடம்புக்கு இன்னும் தெரியாதவன் என்றுதான் பொருள். எல்லாம் ஓட்டுறவன் கையில் இருக்கு என்கிறோமே, அந்தக் கையில் இன்னும் ஒன்றும் ஏறவில்லை.

நான் ஏன் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2008, கோவையில் இரண்டாம் வருடம். விடுதியில் ஒருவன் புது பல்சர் 180 வைத்திருந்தான். ஓர் இரவு, பதினொரு மணி இருக்கும், அதை வாங்கிக்கொண்டு அவிநாசி சாலையில் டீ குடிக்கக் கிளம்பினேன். பின்னால் என் அறைத்தோழன். அதுவரை நான் ஓட்டியதெல்லாம் அப்பாவின் பழைய எக்ஸ்எல்லும், லைசென்ஸுக்கு எட்டு போட டிரைவிங் ஸ்கூல்காரர் கொண்டுவந்த ஒரு லொடக்கு வண்டியும்தான். சின்னியம்பாளையம் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. பின்னாலிருந்து "இழுடா" என்றான். இழுத்தேன். விளக்கில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் நடுத்திட்டு இடைவெளியிலிருந்து வந்தார். முன்பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தோள்பட்டையில் சிராய்ப்பு. அறைத்தோழனின் வலது முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை. இன்றைக்கும் அவனால் சம்மணம் போட்டு உட்கார முடியாது. அவன் கல்யாணத்தில் மணவறையில் ஸ்டூல் போட்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்ட உறவினர்களிடம் அவனே சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னான். நான் பந்திக்குப் போய்விட்டேன்.

பத்துப் பதினைந்து வருடம் அந்தக் கதையை 'ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்துட்டாரு' என்றுதான் சொல்லிவந்தேன். சைக்கிள்காரர் வந்தது உண்மை. ஆனால் அன்று நான் எவ்வளவு வேகத்தில் போனேன் என்று எனக்குத் தெரியாது. மீட்டரைப் பார்க்கவில்லை. வேகம் என்று தோன்றவும் இல்லை, அவ்வளவு மெத்தென்று போயிற்று. எக்ஸ்எல்லாக இருந்திருந்தால் "இழுடா" என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. நான் நல்ல பையன்தான், அரியர்கூட இல்லை. மச்சானின் மகனும் நல்ல பையன். நல்ல பையன் கெட்ட பையன் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பின்னாளில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளரும் அவர் மாணவியும் 2005இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்த "இழுடா" காதில் கேட்டது. கணினியில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டைத் தனியாகவும், நண்பர்கள் பார்க்கவும் ஆட வைத்தார்கள். பதின்பருவத்தினர் நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் எடுத்த அபாயம் எக்கச்சக்கமாகக் கூடியது. பெரியவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. நம் ஊரில் பைக்கின் பின்சீட்டு எப்போது காலியாக இருந்திருக்கிறது? இப்போது பின்சீட்டில் ஒருவன் மட்டுமில்லை, கேமரா வழியாக லட்சம் பேர். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே ஹயபுசாவின் முன்சக்கரத்தைத் தூக்கப்போய் விழுந்து, பத்து வருடத்துக்கு லைசென்ஸை இழந்தார் யூட்யூபர் டிடிஎஃப் வாசன். அவரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் பெரும்பாலும் மீசை அரும்பாத முகங்கள்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் வலுவானது, அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. பலமான வண்டியில்தான் நல்ல பிரேக் இருக்கிறது, நல்ல டயர் இருக்கிறது, ஏபிஎஸ் இருக்கிறது. பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் விலை உயர்ந்ததைத்தானே வாங்க வேண்டும்? உண்மைதான். 2019இல் நடைமுறைக்கு வந்த விதி 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியது. அதற்குக் கீழே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் ஏற்பாடு போதும் என்று விட்டது. கார்களிலும் இதே கதை. கூடுதல் ஏர்பேக் வேண்டுமானால் மேல்ரக மாடலுக்குப் போ, அதற்கு டர்போ இஞ்சின் இலவச இணைப்பு. என் கோபம் இங்கே மச்சான் மீது இல்லை, விற்பவர்கள் மீது. பிரேக்குக்கும் குதிரைத்திறனுக்கும் இயற்கையில் எந்தத் தாலியும் கட்டவில்லை. பாதுகாப்பைப் பலத்தோடு சேர்த்துக் கட்டி விற்றுவிட்டு, பாதுகாப்புக்காகத்தான் பலம் வாங்குகிறோம் என்று அப்பாக்களை நம்பவும் வைத்துவிட்டார்கள். சிறிய இஞ்சினும் பெரிய பிரேக்கும் உள்ள வண்டி கேட்டால் ஷோரூமில் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

அப்படி ஒரு வண்டி செய்ய முடியாதா என்றால், செய்துகொண்டுதான் இருந்தார்கள், புனே பக்கம் சாகனில். பஜாஜ் தொழிற்சாலையில் 2011 முதல் கேடிஎம் 125 ட்யூக் தயாராகி ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அங்கே 16 வயதுக்காரனுக்கு 125 சிசி, 15 குதிரைத்திறனுக்கு மேல் சட்டம் இடம் தராது. அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த வண்டி அது. இந்தியாவுக்கு? 2012 ஜனவரியில் முதலில் வந்தது 200 ட்யூக், 25 குதிரை. அடுத்த வருடம் 390. அந்தச் சின்னது இங்கே விற்பனைக்கு வர 2018 நவம்பர் ஆயிற்று. ஒரே தொழிற்சாலை, ஒரே தொழிலாளிகள். வியன்னா பையனுக்கு ஒரு அளவு, திருப்பூர் பையனுக்கு ஒரு அளவு. நிறுவனத்துக்கு நம் பிள்ளை மீது வன்மம் எதுவும் இல்லை. அங்கே ஒரு விதி கேட்டது, இங்கே எதுவும் கேட்கவில்லை. அவ்வளவே.

மச்சான் கெட்டிக்காரர். இரண்டாவது முறை பேசும்போது இணையத்தில் தேடி வைத்திருந்தார். "ஐரோப்பாவுலயும் பதினெட்டு வயசுல 390 ஓட்டலாமாமே?" ஓட்டலாம், மறைப்பதற்கில்லை. 35 கிலோவாட்வரை, அதாவது 47 குதிரைவரை, பதினெட்டில் அனுமதி உண்டு. ஆனால் அதற்கு ஏறக்குறைய அதே அளவு பலமுள்ள வண்டியிலேயே தேர்வு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்த் தடையை விலக்கிக் காட்ட வேண்டும், 50இல் திடீர் பிரேக் போட்டு நிறுத்திக் காட்ட வேண்டும். பெரிய வண்டிக்குப் போக இன்னும் இரண்டு வருடம். சிங்கப்பூரில் 200 சிசி, 400 சிசி, அதற்குமேல் என்று மூன்று படி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது ஒரு வருடம். நம் தமிழர்கள்தான் அங்கே வரிசையில் நின்று படி ஏறுகிறார்கள், முணுமுணுக்காமல். இங்கே என் மருமகன் எட்டு போட்டான், முதல் கியரில், கால் ஊன்றாமல். பிரேக் பிடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

கார் விஷயத்தில் இது இன்னும் மோசமாகப் போகிறது. இத்தாலியில் உரிமம் எடுத்த முதல் மூன்று வருடம் 105 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கார் ஓட்டக் கூடாது. நம் மஹிந்திரா பிஇ 6 மின்சாரக் காரின் உயர்ரகம் 210 கிலோவாட், சரியாக இரட்டிப்பு. மின்சாரத்தில் கியர் மாற்றும் இடைவெளிகூடக் கிடையாது, மிதித்த கணத்தில் முழு இழுப்பு. விலையும் வருடாவருடம் கீழே இறங்கும். இறங்கட்டும், எனக்கும் ஒன்று வாங்க ஆசைதான். ஆனால் அதே கார்களில் மென்பொருளால் பலத்தைக் குறைத்து வைப்பது எங்கள் தொழிலில் அரை நாள் வேலை. சாவியைப் பொறுத்து, வயதைப் பொறுத்து, உரிமத்தின் வருடத்தைப் பொறுத்து. செய்ய முடியாததால் அது இல்லாமல் இல்லை. கேட்க ஆளில்லாததால் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் கேம்பஸிலிருந்து வரும் பிள்ளைக்கு முதல் நாளே வாடிக்கையாளரின் டேட்டாபேஸில் எழுதும் அனுமதி தருவதில்லை. ஆறு மாதம் பார்க்க மட்டும். அவன் நல்லவனா கெட்டவனா, நிதானமானவனா என்று யாரும் ஜாதகம் பார்ப்பதில்லை. தங்கப்பதக்கம் வாங்கியவனுக்கும் அதே விதி. 'எல்லாம் கோடு எழுதுறவன் கையில இருக்கு' என்று ஒரு மேனேஜர் சொன்னால் அன்றே அவரை வேறு டீமுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போவது நாலு கோடி ரூபாய் டேட்டா.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், தமிழ்நாட்டில் மட்டும் 17,884. இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இதில் பெரும்பாலானவை பலமான வண்டிகள் அல்ல, சாதாரண நூறு சிசி வண்டிகள்தான், ஒத்துக்கொள்கிறேன். பலமான வண்டியைத் தடுத்துவிட்டால் சாலை சொர்க்கமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. குழி இருக்கிறது, ஹெல்மெட் இல்லை, எதிர்த்திசையில் டிராக்டர் வருகிறது. இதெல்லாம் இருக்கிற ரோட்டில்தான் ஒன்பது நாள் லைசென்ஸ் போகப்போகிறது என்கிறேன்.

மருமகனிடம் தனியாகப் பேசினேன். கோபம் இல்லை, கூச்சம்தான். "எல்லாருக்கும் சொல்லிட்டேன் மாமா" என்றான். அது எனக்குப் புரிகிறது. 125 எடு, ரெண்டு வருஷம் ஓட்டு, அதுக்கப்புறம் 390க்கு மிச்சக் காசு நான் போடறேன் என்றேன். யோசிச்சு சொல்றேன் மாமா என்றான். அக்கா போனை வாங்கி, அவன் யோசிச்சாலும் அவங்கப்பா யோசிக்க மாட்டாருடா என்றாள்.

நேற்று இரவு மச்சானே அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. "பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டேன் மாப்ள. கேன்சல் பண்ணினா திரும்பத் தர மாட்டாங்களாம்."

அந்தப் பத்தாயிரத்தை நான் அனுப்பிடறேன் மச்சான் என்றேன். பாக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை நல்ல நாளாம், அன்றைக்குத்தான் டெலிவரி.